உழவரின் ஜெபமும் உப்பளத்தாரின் ஜெபமும்

தியானப் பகுதி: மத்தேயு 5:13, 43–48, எசேக்கியேல் 47:8–12



கடற்கரையோரத்து மக்கள் நன்கு அறிந்ததும், நம் பிரசங்க பீடங்கள் பெரும்பாலும் கடந்து போய்விடுவதுமான ஒரு கேள்வியை இவ்வாரத் தியானத்தில் உங்கள் முன் வைக்கிறேன்.

மரக்காணம் வட்டாரத்தில் ஓர் ஆராதனைக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஒரே பாயில் இருவர் முழங்காற்படியிட்டிருக்கிறார்கள். ஒருவர் உழவர். மணிலாப் பயிர் வாடி நிற்கிறது. ஒரு மழையைத் தரும்படி ஜெபிக்கிறார். மற்றவர் உப்பளத்தில் வேலை செய்கிறவர். பாத்திகளில் உப்பு பூத்திருக்கிறது. வாரி எடுக்க இன்னும் சில நாட்கள் வேண்டும். மழையை நிறுத்தி வைக்கும்படி ஜெபிக்கிறார். இருவருக்கும் பிள்ளைகள் உண்டு. இருவருக்கும் கடன் உண்டு. இருவரும் ஒரே பந்தியில் அப்பமும் ரசமும் பெறுகிறவர்கள். அன்று இரவு மழை பெய்தால், அடுத்த ஞாயிறன்று உழவர் சாட்சி சொல்ல எழுந்து நிற்பார். உப்பளத்தார் என்ன சொல்வார்?

இதற்கு நம்மிடையே சுலபமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. இழப்பு நேர்ந்தவரைப் பார்த்து, "உங்கள் விசுவாசம் போதாது, இன்னும் அதிகமாய் ஜெபியுங்கள், இன்னும் ஒரு நாள் உபவாசம் இருங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பதில் வேதத்திற்குப் பொருந்தாது என்பதோடு, துன்பப்படுகிறவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது என்பதும் என் கருத்து. கிருபையை நம்புவது என்றால் என்ன என்பதையே அது தலைகீழாக்கிவிடுகிறது.

வானிலை கிருபையின் அளவுகோல் அன்று

மலைப்பிரசங்கத்தின் முதல் அதிகாரத்தை ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள். மத்தேயு 5:13-இல் ஆண்டவர் தம்முடைய சீஷரை உலகத்தின் உப்புக்கு ஒப்பிடுகிறார். அதே அதிகாரம் முடிவடையும் இடத்தில், 45-ஆம் வசனத்தில், பிதாவானவர் சூரியனையும் மழையையும் நல்லோர் தீயோர் என்று பார்க்காமல் எல்லார்மேலும் அனுப்புகிறார் என்று கற்பிக்கிறார். உப்பும் வெயிலும் மழையும் ஒரே பிரசங்கத்தில் வருகின்றன. உப்பளத்தருகே வாழ்கிறவர்களுக்கு இது சாதாரணமாகக் கடந்து போகக்கூடிய ஒற்றுமை அன்று.

அங்கே ஆண்டவருடைய வாதம் மிகத் தெளிவானது. சத்துருவை நேசியுங்கள் என்கிறார்; அதற்குச் சான்றாகப் பிதாவின் வெயிலையும் மழையையும் காட்டுகிறார். பாரபட்சமின்றி எல்லாருக்கும் கொடுக்கப்படுகிற ஒன்றை, ஒருவர்மேல் தேவன் கொண்ட தனிப் பிரியத்திற்கு அடையாளமாக எப்படிக் கொள்வது? மழை பெய்ததால் உழவர் அதிக நீதிமானாகிவிடவில்லை. உப்பு கரைந்ததால் உப்பளத்தார் கைவிடப்பட்டவராகிவிடவில்லை. இருவரும் ஒரே பிதாவின் பிள்ளைகள்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, திருச்சபை நாட்காட்டியின்படி கிறிஸ்துவின் வருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று காலை வரையான ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. நம்பிக்கையின் மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டிய அந்தக் காலைப்பொழுதில் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள் பல தண்ணீரில் நின்றன. மரக்காணத்து உப்பளங்களும் மூழ்கின. அந்த வெள்ளம் வீட்டு வாசலில் சிலுவை வரைந்த வீட்டையும் கோலமிட்ட வீட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. அதைக் கண்ட பின்னும் நாம் வானிலையை வைத்துக் கிருபையை அளந்து கொண்டிருந்தால், அது ஆண்டவர் கற்பித்த அளவுகோல் அன்று.

உப்பு விளையும் விதம்

அப்படியானால் கிருபை எங்கே இருக்கிறது? அதை அறிந்துகொள்ள உப்பு விளையும் விதத்தைச் சற்று கவனிப்போம்.

தமிழ்நாட்டில் தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் போல மரக்காணமும் உப்புக்குப் பெயர் பெற்ற ஊர். கழுவெளி ஏரி கடலோடு சேரும் உப்பங்கழியை ஒட்டி அளங்கள் பரந்து கிடக்கின்றன. உப்புநீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்குகிறார்கள். வெயிலில் அது செறியச் செறிய அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். கடல்நீரில் ஆயிரம் கிலோவுக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோ உப்புப் பொருள்களே உண்டு. அந்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பின்னரே நாம் உண்ணும் உப்பு படியத் தொடங்கும். அதுவரை பார்வைக்குத் தண்ணீர் மட்டுமே.

தொழிலாளர் என்ன செய்கிறார்? தரையைச் சமன் செய்கிறார். வரப்பைக் காக்கிறார். மடையைத் திறந்து மூடுகிறார். உரிய நேரத்தில் பலகையால் உப்பை வாருகிறார். வெண்பரப்பின் கூச்சத்தில் அவருடைய கண்கள் எரிகின்றன; உப்புநீரில் நின்று நின்று பாதங்கள் வெடிக்கின்றன. இந்த உழைப்பு சிறிதன்று. ஆயினும் உப்பைத் தாமே உண்டாக்கினதாக எந்த உப்பளத்தாரும் சொல்லமாட்டார். கடலை அவர் உண்டாக்கவில்லை. வெயிலை அவர் ஏற்றவில்லை. படிகத்தை அவர் கையால் வார்க்கவில்லை. கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொள்ள இடம் ஆயத்தம் பண்ணினார்; அவ்வளவே.

கிருபையைக் குறித்து நாம் இரண்டு பக்கமும் தவறுகிறோம். சிலர் அதைக் கூலியாக்குகிறார்கள்: இத்தனை மணி நேரம் ஜெபித்தேன், இத்தனை காணிக்கை படைத்தேன், ஆகவே தேவன் எனக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது அவர்கள் கணக்கு. வேறு சிலர் அதைச் சோம்பலுக்குப் போர்வையாக்குகிறார்கள்: எல்லாம் கிருபைதானே, நான் செய்ய என்ன இருக்கிறது என்று வரப்பு உடைந்து கிடக்கத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். பவுல் அப்போஸ்தலன் 1 கொரிந்தியர் 15:10-இல் இரண்டையும் மறுக்கிறார். மற்றவர்களைவிட அதிகமாக உழைத்ததாகக் கூசாமல் சொல்லுகிறார்; அடுத்த மூச்சிலேயே, அப்படி உழைத்தது தம்மோடிருந்த கிருபையே என்று கணக்கை மாற்றி எழுதுகிறார். உப்பளத்தாருக்கு இந்த வசனத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

இன்னும் ஒன்று. செறிந்து வரும் உப்புநீரில் உப்புக்கு முன்பாகவே ஜிப்சம் படிகிறது. அதுவும் வெண்மையானது, அதுவும் மினுங்கும், ஆனால் உணவுக்குச் சாரம் ஏற்றாது. உப்பு படிந்து முடிந்த பின் எஞ்சும் நீரோ மிகக் கசப்பானது. அதை வடித்து வெளியேற்றாவிட்டால் உப்பும் கசந்துபோகும். நம் ஆவிக்குரிய வாழ்வுக்கும் இது பொருந்தும். மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்தில் நம் உள்ளத்தில் சட்டென்று வெண்மையாய்ப் படிவதெல்லாம் உப்பு என்று முடிவு செய்துவிடக் கூடாது, பொறுத்திருக்க வேண்டும். நெடுங்காலம் சபையில் இருந்தவர்களாகிய நமக்கு வேறோர் ஆபத்து: உள்ளே தேங்கிய கசப்பு. எபிரெயர் 12:15 கிருபையை இழந்துவிடாதபடி எச்சரிக்கும் அதே மூச்சில், கசப்பு வேர்விடுவதைக் குறித்தும் எச்சரிக்கிறது. கசப்பை வடிக்காத பாத்தியில் அடுத்த விளைச்சல் நன்றாயிராது.

தைமாதத்துச் சேறு

புதுப்பிக்கப்படுதலைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் மேல்நோக்கி ஓடுகிறது: புதிய உயரம், புதிய அபிஷேகம், புதிய கட்டடம். உப்பளத்தில் புதுப்பித்தல் கீழ்நோக்கித் தொடங்குகிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் உப்பளம் எப்படியிருக்கும் தெரியுமா? சென்ற கோடையில் கண்ணாடிபோல் கெட்டித்திருந்த தரையெங்கும் சேறு. வரப்புகள் கரைந்திருக்கும். தேங்கிய மழைநீரை வடிக்க வேண்டும், வண்டலை அகற்ற வேண்டும், வரப்பை மறுபடி எடுக்க வேண்டும், தரையை மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். இத்தனை வேலையும் ஒரு பிடி உப்பைக்கூடக் காண்பதற்கு முன்னால். சென்ற ஆண்டு எவ்வளவு நல்ல உப்பு விளைந்தது என்பது இந்த ஆண்டின் தரையைக் கெட்டியாக்காது. ஒவ்வோர் ஆண்டும் அடித்தளத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

நம்மில் பலர் சோர்ந்துபோவது இங்கேதான். இருபது ஆண்டுகளுக்கு முன் மனந்திரும்பினேன், இன்னும் அதே கோபத்தோடு போராடுகிறேனே என்கிறார் ஒருவர். பிள்ளை மரித்த பின் ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறார் ஒரு தாய். விழுந்துபோனோம், எல்லாம் வீணாயிற்று என்று எண்ணுகிறார்கள். பிரியமானவர்களே, சேறு வந்தது உப்பளம் அழிந்ததற்கு அடையாளம் அன்று. மழைக்காலம் வந்து போனதற்கு அடையாளம். தேவனுடைய இரக்கங்கள் காலைதோறும் புதிதாகின்றன என்ற அறிக்கையை நாம் அனைவரும் அறிவோம். அது எழுதப்பட்ட புத்தகத்தின் பெயர் புலம்பல் என்பதை மட்டும் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எருசலேம் இடிந்து கிடந்த நாட்களில், பசியால் குழந்தைகள் தெருவில் மயங்கிய நாட்களில் எழுதப்பட்ட வாக்கு அது (புலம்பல் 3:22–23). சேற்றின் நடுவே நின்று சொல்லப்பட்ட நம்பிக்கை. வெற்றி விழாவின் மேடையில் அதைச் சொல்வது எளிது. ஆனால் அது பிறந்த இடம் மேடை அன்று.

அதே மழை, வேறு நிலம்

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே புதுச்சேரியை நோக்கிச் சென்றால், வலப்புறம் செம்மண் மேட்டு நிலத்தில் ஆரோவில் இருக்கிறது. இந்த மேட்டில் விழும் மழையின் ஒரு பகுதி வடக்கே ஓடிக் கழுவெளியைத்தான் சேருகிறது. ஆகவே உப்பளத்தின் கதையும் இந்தச் செம்மண்ணின் கதையும் ஒரே நீரால் இணைந்தவை.

1968 பிப்ரவரி 28 அன்று, 'அன்னை' என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாசாவின் எண்ணத்தின்படி இந்நகர் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். ஆரோவில் நம்முடைய விசுவாச அறிக்கையைக் கொண்ட இடம் அன்று. மனிதன் உயர்ந்த உணர்வை நோக்கி ஏறுவதைப் பற்றிய அவர்களுடைய போதனையும், தேவன் மனிதனிடம் இறங்கி வந்தார் என்ற நம்முடைய சுவிசேஷமும் ஒன்றல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விதைக்கிறவனையும் மீன்பிடி வலையையும் காட்டிக் கற்பித்த ஆண்டவரின் சீஷர்கள், அயலாருடைய நிலத்திலிருந்து கற்றுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

தொடக்க நாட்களில் அந்த மேடு பெரும்பாலும் மரமற்ற வெட்டவெளி. மழை பெய்யாமல் இருந்ததா? இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இன்று பெய்வதுபோல் அன்றும் பெய்தது. ஆனால் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லாததால், தண்ணீர் செம்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைகளை வெட்டி, கடலைச் சிவக்கச் செய்து மறைந்தது. எந்த மழை நிலத்தை உயிர்ப்பிக்க வேண்டுமோ அதே மழை நிலத்தை உரித்துக்கொண்டிருந்தது. அங்கே குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து உழைப்பாளர்களும் முதலில் செய்தவற்றுள் ஒன்று கரை எடுப்பது. மண்வரப்புகளும் சிறு தடுப்பணைகளும் நீரை நிறுத்தின. நின்ற நீர் மண்ணுக்குள் இறங்கியது. நட்ட கன்றுகள் பிழைத்தன. இன்று அந்த மேட்டில் இலட்சக்கணக்கான மரங்கள்.

வானம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் பெற்றுக்கொள்ளும் விதம்தான் மாறியது. நம் சபைகளில் எத்தனை பிரசங்கங்கள் பொழிகின்றன! காலையில் கைப்பேசியில் வாக்குத்தத்த வசனம், நண்பகலில் ஒரு காணொளி, மாலையில் ஒரு கூட்டம். பொழிவுக்குக் குறைவில்லை, நிற்பதுதான் இல்லை. கேட்டது இதயத்தின் மேற்பரப்பில் ஓடி, இருந்த மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விடுகிறது. நம் முன்னோர் ஜெபத்தையும் வேதவாசிப்பையும் திருவிருந்தையும் ஓய்வுநாளையும் கிருபையின் சாதனங்கள் என்று அழைத்தார்கள். அவை கிருபையை விலைக்கு வாங்கும் நாணயங்கள் அல்ல. கிருபையை நிறுத்திவைக்கும் கரைகள். ஒரு கரை மழையைப் பெய்விக்காது. ஆனால் கரையில்லாத நிலத்தில் பெய்த மழை தங்காது.

உப்புக்கென்று விடப்பட்ட நிலம்

எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தில் ஆலயத்தின் வாசற்படியின் கீழிருந்து நீர் புறப்படுகிறது. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு, நீந்தும் அளவு என்று பெருகி, சவக்கடலில் சேர்ந்து அதைக் குணமாக்குகிறது. கரையில் மீனவர் வலை உலர்த்துகிறார்கள். இந்தப் பகுதியை எடுத்து எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். ஆனால் 11-ஆம் வசனத்தை வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம். அங்கேயுள்ள உவர்ச் சேற்று நிலங்களும் சதுப்புகளும் குணமாக்கப்படாமல், உப்புக்கென்று விடப்படும் என்கிறது அந்த வசனம்.

இதை நியாயத்தீர்ப்பாகக் கொள்ளும் வியாக்கியானிகள் உண்டு. எனக்கு அது ஏற்பாடாகவே தோன்றுகிறது. இதே எசேக்கியேல் 43:24-இல் புதிய ஆலயத்தின் பலிகளின்மேல் ஆசாரியர் உப்புப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். லேவியராகமம் 2:13 உப்பில்லாத காணிக்கையை ஏற்பதில்லை. எல்லாச் சதுப்பும் நன்னீராகிவிட்டால் பலிபீடத்திற்கு உப்பு எங்கிருந்து வரும்? ஜீவநதி பாயும் அதே நாட்டில் தேவன் சில நிலங்களை உவராகவே விட்டுவைத்தார், அந்த உவர் வேண்டியிருந்தபடியால்.

உங்களுடைய வாழ்விலும் அப்படி ஒரு நிலம் இருக்கக்கூடும். எவ்வளவோ ஜெபித்தும் இனிமையாகாத ஒரு பகுதி: தீராத நோய், திரும்பி வராத பிள்ளை, தனிமை. மற்ற இடங்களில் நதி பாய்ந்தது. அங்கே மட்டும் பாயவில்லை. பவுலுக்கும் அப்படி ஒரு முள் இருந்தது. மூன்று முறை வேண்டியும் நீக்கப்படவில்லை. கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:8–9). போதும் என்பது ஒரு சிறிய சொல். ஆனால் துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல யாரை அனுப்பலாம் என்று சபை யோசிக்கும்போது, நாம் தேடுவது அந்தச் சொல்லைத் தன் கண்ணீரில் கற்றுக்கொண்ட ஒருவரைத்தானே? குணமாகாத நிலத்திலிருந்துதான் பலருக்கும் உப்பு கிடைத்திருக்கிறது.

மரக்காணத்திலிருந்து மேற்கே இருக்கும் திண்டிவனத்தில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1890-களில், மருத்துவ மிஷனரியான தன் தகப்பனாரின் இல்லத்தில் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணிடம், ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவ வேதனையில் இருந்த மனைவியருக்கு உதவி கேட்டார்கள். அவரோ மருத்துவர் அல்லர். ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். அந்த இரவு எவருடைய ஜெபமும் கேட்கப்பட்டதாகத் தோன்றியிராது. ஐடா அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவம் கற்று, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உண்டாயிற்று. அந்த மூன்று மரணங்களையும் நியாயப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. அவற்றை எந்த மருத்துவமனையாலும் ஈடுசெய்ய முடியாது. அந்த உவர்நிலத்தையும் தேவன் வீணாக விடவில்லை என்று மட்டும் சொல்லுகிறேன்.

மழைக்காலத்தில் சபை எங்கே?

இனி முதற்கேள்விக்கு வருவோம். உப்பு கரைந்துபோன சகோதரருக்கு நாம் சொல்லும் பதில் என்ன? முதலில், சொல்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

பருவமழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இல்லை; வேலையில்லாத நாளில் கூலியும் இல்லை. தமிழ்நாடு அரசு 2022-இல், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்திற்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் மூன்று மாதத்திற்குப் பகிர்ந்து பாருங்கள். நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து ரூபாய்கூட வராது. அந்த மாதங்களில்தான் நாம் கிறிஸ்துமஸ் புத்தாடைக்கும் நட்சத்திர விளக்குக்கும் பட்டியல் போடுகிறோம். கிருபையைப் பற்றி நாம் பாடும் பாடல்கள், சம்பளமில்லாத வீட்டின் அடுப்படி வரை எட்டுகின்றனவா?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை; ஆழிப்பேரலை இக்கரையின் மீனவக் குப்பங்களையும் தாக்கியது. அதன்பின் ஆரோவில்லிலுள்ள உபாசனா என்னும் நிறுவனத்தின் முயற்சியில், மீனவப் பெண்கள் மிச்சத் துணிகளைக் கொண்டு 'சுனாமிகா' என்னும் விரற்கடைப் பொம்மையைச் செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பொம்மை விற்கப்படுவதில்லை, கொடுக்கப்படுகிறது, அவ்வளவே. விரும்புகிறவர்கள் தரும் நன்கொடையால் வேலை நடக்கிறது. எல்லாவற்றையும் இழந்த கைகள், விலையில்லாமல் கொடுக்கக் கற்றுக்கொண்டன. பணமில்லாதவர்களும் வந்து வாங்கும்படி ஏசாயா 55-இல் அழைக்கும் தேவனுடைய பிள்ளைகளாகிய நாமோ, ஆசீர்வாதத்திற்கும் விலைப்பட்டியல் வைத்திருக்கும் கூட்டங்களுக்குப் போய் வரிசையில் நிற்கிறோம். இதை நினைத்து நாம் தலைகுனிய வேண்டும்.

ஒரு ஆலோசனை சொல்லுகிறேன். நம் அறுப்பின் பண்டிகையில் நெல்லும் வாழைத்தாரும் தேங்காயும் கோழியும் பீடத்தருகே வருகின்றன. உப்பு வருவதை அரிதாகவே காண்கிறோம். எஸ்றா 6:9-இல் ஆலய ஆராதனைக்குத் தேவையானவற்றின் பட்டியலில் கோதுமை, திராட்சரசம், எண்ணெய் ஆகியவற்றோடு உப்பும் இருக்கிறது. இவ்வாண்டு கடற்கரையோரச் சபைகளேனும் உப்பளத்தாரை அழைத்து, அவர்கள் கையாலேயே ஒரு படி உப்பைப் பீடத்தில் வைக்கச் செய்யட்டும். அன்றைய காணிக்கையில் ஒரு பங்கை மழைக்கால மாதங்களுக்கென்று ஒதுக்கட்டும். அதை இரவலாகவோ தயவாகவோ கொடுக்காமல், ஒரே சரீரத்தின் ஓர் அவயவம் மற்றொன்றுக்குக் கொடுப்பதுபோல் கொடுப்போம். அப்போது சித்திரை மழையில் உழவர் சாட்சி சொல்லும் நாளில், அதே மழையில் இழந்தவரின் வீட்டுக்கு முதலில் போகிறவரும் அந்த உழவராகவே இருப்பார். அவருடைய சாட்சி அங்கேதான் நிறைவு பெறும்.

அதன்பின், உப்பளத்துச் சகோதரரே, சகோதரியே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இது. மழை உங்கள் பாவத்தை அளக்க வரவில்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்ற பொருள்படப் பாடிய ஆபகூக், உங்கள் ஊரில் பிறந்திருந்தால், பாத்தியில் உப்பு படியாமற்போனாலும் என்று தொடங்கியிருப்பான். வெயிலுக்காக ஜெபியுங்கள், பிள்ளைகள் தகப்பனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்? ஆனால் உங்கள் நம்பிக்கையை வெயிலின்மேல் வையாமல், வெயிலையும் மழையையும் அனுப்புகிறவர்மேல் வையுங்கள். தைமாதத்துச் சேற்றில் நீங்கள் கால் வைக்கும்போது, அங்கே உங்களுக்கு முன்பாகவே அவர் நிற்கிறார். சேற்றில் இறங்காத தேவன் அல்லர் அவர். தொழுவத்தில் பிறந்தவர், தச்சனாய் உழைத்தவர், நகரத்திற்குப் புறம்பே தூக்கி எறியப்பட்டவர், மூன்றாம் நாளில் எழுந்தவர்.

இவ்வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, உள்ளத்தில் தேங்கியிருக்கும் ஒரு கசப்பை, ஒரு பெயரைச் சொல்லி, தேவசமுகத்தில் வடித்துவிடுவோம். இரண்டாவது, கேட்ட வசனங்களுள் ஒன்றை மட்டும் எடுத்து ஏழு நாளும் அதிலேயே நிற்போம். புதியதைத் தேடி ஓடாமல், கரை கட்டுவோம். மூன்றாவது, நம்முடைய ஜெபம் கேட்கப்பட்டதால் இழப்படைந்தவர் யாரேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்து, அவர் வீட்டுக்குப் போவோம்.

ஜெபம்

எங்கள் பரம பிதாவே, வெயிலும் மழையும் உம்முடையவை. எங்களுக்குப் பிடித்த வானிலையில் மட்டும் உம்மை நல்லவர் என்று சொல்லாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். கரைந்துபோன பாத்திகளின் நடுவே நிற்பவர்களோடு நில்லும். எங்கள் உள்ளத்தின் தரையை மறுபடியும் கெட்டியாக்கும். தேங்கிய கசப்பை வடியச் செய்யும். உமது கிருபை எங்களில் தங்கும்படி கரைகளைக் கட்டக் கற்றுத்தாரும். குணமாகாத நிலங்களையும் உமது பலிபீடத்திற்கு உப்பாக ஏற்றுக்கொள்ளும். இழந்தவருடைய வீட்டுக்கு எங்கள் கால்களை நடத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.